நீலத்தைத் தின்ற புழுதி

அத்தியாயம் 9

பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது. இன்னும் கட்ட வேண்டிய மீதி அவ்வளவுதான். அந்தக் கடனிலிருந்து தப்பத்தான் கண்ணாடி கழுவுகிற கூலியாள் தன் மேஸ்திரியைத் தண்ணீர்க் கோபுரத்தின் உச்சியிலிருந்து தள்ளிக் கொன்றான் என்று போலீஸ் எழுதி வைத்திருந்தது. நாளைக் காலை பத்து மணிக்கு அவனைக் கோர்ட்டில் நிறுத்துவார்கள். கையில் ஒரு கடன் நோட்டு, கூண்டில் ஏற ஒரு சாட்சி. ஒரு ஏழையைத் தூக்கில் போட இரண்டும் தாராளம்.

கடன் வந்த கதையும் புழுதியில்தான் தொடங்கியது. வெயிலைப் பிடித்து மின்சாரம் ஆக்குகிற கண்ணாடி வயல் அது. ஒருநாள் அவசரத்தில் அவன் தண்ணீர் விடாமல் வெறுந்துணியால் ஒரு கண்ணாடியைத் துடைத்துவிட்டான். புழுதியில் கிடந்த மணல் பரல் கண்ணாடியை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை கீறிவிட்டது. விலையைக் கட்டு, இல்லையேல் வேலையை விடு என்றது கம்பெனி. மேஸ்திரி தன் கைக்காசைப் போட்டுக் கட்டினார். சனிக்கிழமை தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருவதாக அவன் அவருடைய சின்ன நோட்டில் கைநாட்டு வைத்தான்.

இந்த வழக்கைத் துப்பறிய மேடத்தை அமர்த்தியது கடன்பட்ட கூலியாளின் ஆட்கள் அல்ல. செத்துப்போன மேஸ்திரியின் மனைவி.

"அவன்தான்னா தொங்கட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன்," என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தாள். "ஆனா அவன் இல்லேன்னா, செஞ்சவன் நிம்மதியா என் வீட்டைத் தாண்டி நடந்து போகக் கூடாது."

அதற்கு மிச்சம் இருந்தது ஒரு பகல். அதிலும் பாதி தீர்ந்துவிட்டது.

வாடகை வேன் பாலைவன ஓரத்துச் சாலையில் குலுங்கிக்கொண்டு போனது. பின் சீட்டில் மேடம், பக்கத்தில் அவருடைய உதவியாள் சல்லடை. இருபது வருஷம் கட்டட வேலையில் மணல் சலித்த உடம்பு அவனுடையது. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. முப்பத்தாறு வயதுக்கு மேல்தான் எழுத்துக் கூட்டக் கற்றான். மேடம் முன்னாளில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீ விபத்துகளை விசாரித்தவர். எரிந்த இடத்தை எல்லாரும் பார்ப்பார்கள்; அவர் எரியாத இடத்தைப் பார்ப்பார்.

"சாட்சி சொன்னதை மறுபடி படி," என்றார் மேடம்.

சல்லடை தாளை முழங்கால் மேல் விரித்து, எழுத்துக்கு அடியில் விரலை ஓட்டினான். "'பதினான்காம் தேதி... பிற்பகல் மூன்றரை மணிக்கு... புழுதிப் புயலின்போது... என் அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தேன். மேஸ்திரிக்குப் பின்னால்... நீல உடை அணிந்த ஒருவன்... கோபுர ஏணியில் ஏறினான்.' வேன் குலுங்குற குலுக்கல்ல எழுத்தெல்லாம் இடம் மாறுது மேடம். இன்னும் ரெண்டு மைல் போனா வேற யாரோ கொலை பண்ணியிருப்பான்."

"ஜன்னலுக்கும் கோபுரத்துக்கும் எவ்வளவு தூரம்?"

"அறுபது அடி எடுத்து வச்சா போயிடலாம். புயல் வருதுன்னு எல்லாரையும் மத்தியானமே அனுப்பிட்டாங்க. வயல்ல இருந்தது மூணே பேர். மேஸ்திரி, கழுவுறவன், சாட்சி சொல்ற புழுதி ஆபீசர். கழுவுறவனுக்கு மட்டும்தான் நீல உடுப்பு."

"கழுவுறவன் என்ன சொல்றான்?"

"செம்புழுதி, ஒரே இருட்டு, கண்ணாடிக்கு அடியில படுத்துக் கிடந்தேன்கிறான். ஆபீசர் வெண்புழுதிங்கிறாரு. டவுன்லயும் அன்னிக்கு வெள்ளையாத்தான் அடிச்சுதுன்னு போலீசே சொல்லுது."

"டவுன் பன்னிரண்டு மைல் தள்ளி இருக்கு. வடக்கே வத்திப்போன ஏரியிலிருந்து அங்கே வெள்ளை வரும். மேற்கே செம்மண் மேட்டிலிருந்து இங்கே சிவப்பு வரும். ஒரே நாள்ல ரெண்டும் நடக்கலாம்."

"செவப்போ வெள்ளையோ, மூக்குல ஏறினா ஒரே தும்மல்தானே?"

"தும்மலுக்கு ஒண்ணுதான். கண்ணுக்கு வேற." மேடம் ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த தூசியில் விரலால் கோடு இழுத்தார். "வெண்புழுதி சுண்ணாம்பும் ஜிப்சமும். மேல விழற வெளிச்சத்துல எந்த நிறத்தையும் அது வச்சுக்காது, எல்லாத்தையும் வாரி இறைச்சிடும். அதுக்குள்ள நீலச் சட்டை வெளுத்துப்போன நீலமாத் தெரியும். செம்புழுதியில இரும்புத் துரு இருக்கு. துரு நீல வெளிச்சத்தை முழுங்கிடும், சிவப்பை மட்டும் விட்டுவைக்கும். நீல வெளிச்சமே வந்து சேராத இடத்துல நீலச் சட்டை எப்படி இருக்கும்?"

சல்லடை கொஞ்சம் யோசித்தான். "கறுப்பா."

"கறுப்பா. புழுதி வெள்ளைன்னா ஆபீசர் நிஜமாவே பார்த்திருக்கலாம். சிவப்புன்னா, பார்க்காததைச் சொல்லியிருக்கார்."

மேற்கே அடிவானத்தில் ஒரு கோடு தெரிந்தது. யாரோ செங்கல் ஒரு வரிசை வைத்துவிட்டுச் சாப்பிடப் போன மாதிரி. வேன் டிரைவர் அதைக் கண்ணாடியில் பார்த்தார்.

"நாலு மணிக்குள்ள அது இங்க வந்துடும்," என்றார். தன் சீட்டின் மேல் போட்டிருந்த கறுப்பு ரெயின்கோட்டைத் தட்டிக் காட்டினார். "வண்டியை மூடிட்டு இதைப் போர்த்திட்டுப் படுத்துடுவேன். அப்புறம் கூப்பிட்டா எந்திரிக்க மாட்டேன்."

"மழையே பெய்யாத ஊர்ல ரெயின்கோட்டு," என்றான் சல்லடை. "இங்க வானத்துல இருந்து மண்ணு மட்டும்தான் விழும் போல."

---

புழுதி நிலையம் என்பது வயலின் நடுவில் இரண்டே அறை கொண்ட கான்கிரீட் பெட்டி. சுற்றிலும் ஆயிரக்கணக்கான கண்ணாடிகள் முகத்தை நிமிர்த்தி ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. ஆள் நடமாட்டம் இல்லை. ஜன்னலுக்கு நேரே தண்ணீர்க் கோபுரம். அதன் ஏணியில் தொங்கிய அறுந்த சங்கிலி, காற்றில் டங், டங் என்று அடித்துக்கொண்டிருந்தது.

புழுதி ஆபீசர் வாசலிலேயே நின்று வரவேற்றார். இந்தப் பாலைவனத்தில் அவருடைய சட்டை மட்டும் சலவை கலையாமல் இருந்தது.

"நேத்து போன்ல கேட்டீங்களே, எடுத்து வச்சிருக்கேன் மேடம்," என்று புன்னகைத்தார்.

"ரசமட்டம் வச்சுச் சிரிக்கிறாரு," என்று சல்லடை மேடத்தின் காதில் முணுமுணுத்தான். "ஒரு பக்கமும் சாயல."

நிலையத்தின் வேலை எளிது. மொட்டை மாடியில் ஒரு பம்பு நாள் முழுக்கக் காற்றை இழுக்கும். வழியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டக் காகிதம். காற்று போய்விடும், புழுதி காகிதத்தில் தங்கிவிடும். தினமும் ஒரு காகிதம். எடுத்து மடித்து, உறையில் போட்டு ஒட்டி, மேலே தேதி முத்திரை குத்தி அலமாரியில் வைப்பார்கள். மாதம் ஒருமுறை தலைநகரத்து ஆய்வகத்தில்தான் உறையைப் பிரிப்பார்கள். எந்த மண் எவ்வளவு வெயிலைத் தடுக்கிறது என்று தெரிந்தால்தான் எந்த நாளில் கண்ணாடி கழுவுவது என்று கம்பெனி முடிவு செய்ய முடியும்.

"மாடியில இன்னொரு கருவி சூரியனையே பார்த்துக்கிட்டு இருக்குமாமே?" என்றார் மேடம். "அன்னிக்கு அது என்ன பார்த்துச்சு?"

"புழுதி அதிகமானா அது தானா மூடிக்கும் மேடம்."

"அருமையான சாட்சி," என்றான் சல்லடை. "சம்பவம் நடக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கும்."

ஆபீசர் அவனைப் பார்க்காமலே ஓர் உறையை மேசைமேல் வைத்தார். பதினான்காம் தேதி முத்திரை. ஒட்டு பிரியாமல் இருந்தது. மேடம் கத்தரியால் ஓரத்தை வெட்டி, காகிதத்தை மெல்ல விரித்தார்.

வெள்ளை. சுவரில் அடித்த சுண்ணாம்பு போல, சின்னச் சிவப்புப் புள்ளிகூட இல்லாத வெள்ளை.

சங்கிலி டங் என்றது.

"நான்தான் சொன்னேனே," என்றார் ஆபீசர். "பால் மாதிரி இருந்துச்சு. மூணு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார், வாக்குமூலத்துல கடைசிக் கையெழுத்து வாங்க. நீங்களும் இருந்து பார்த்துட்டுப் போகலாம்."

மேடத்தின் முகத்தைச் சல்லடை நான்கு வருஷமாகப் பார்க்கிறான். அந்த முகம் இப்படிச் சுருங்கி அவன் பார்த்ததில்லை. லாக்கப்பில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தக் கழுவுகிறவன் அவன் கண்முன் வந்தான். "அண்ணே, செவப்புதாண்ணே, சத்தியமா செவப்பு," என்று அவன் கம்பி வழியாகக் கெஞ்சியது காதில் கேட்டது.

"நான் ஒருதரம் தொட்டுப் பார்க்கலாமா சார்?" என்றான் சல்லடை.

"ஜாக்கிரதை."

சல்லடை காகிதத்தின் ஓரத்தைத் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தூளைத் தேய்த்தான். மறுபடி தேய்த்தான். பிறகு ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, "குடிக்கத் தண்ணி எங்க சார் இருக்கு?" என்று கேட்டான்.

---

பின்கட்டில் ஒரு தொட்டியும் குழாயும். அங்கே பெருக்கித் துடைக்கிற அம்மாள் ஒருத்தி குந்தி உட்கார்ந்து துடைக்கிற துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். சல்லடை உள்ளங்கைத் தூளில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, சின்ன உருண்டையாக்கித் தொட்டி விளிம்பில் வைத்தான். சற்றுப் பொறுத்து மேடம் வந்தார்.

"என்ன?"

"மேடம், காத்து சலிக்காது."

"புரியல."

"இருபது வருஷம் சலிச்ச கை இது. காத்து கொண்டாந்த மண்ணுன்னா பரல் இருக்கும், தூசி இருக்கும், நாலு தினுசு கலந்து இருக்கும். இது எல்லாம் ஒரே சீரு. மூட்டையில இருந்து வந்த மாவு." அவன் உருண்டையை எடுத்து நகத்தால் தட்டினான். டக் என்றது. "பாருங்க, இறுகிடுச்சு. ஏரியில கிடக்கிற ஜிப்சம் தண்ணி பட்டா சேறாகும். சூளையில வறுத்த ஜிப்சம்தான் கல்லாகும். இது பி.ஓ.பி. மேடம். கூரையில பூசுறது."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். பின்கட்டின் கூரை ஓரம் புதிதாகப் பூசியிருந்தது. படிக்கட்டுக்கு அடியில் பாதி மூட்டை, வாய் திறந்தபடி.

"காகிதத்தை மாத்தியிருக்கான்," என்றார் மெல்ல. "நேத்து நான் போன் பண்ணினதுக்கு அப்புறம்."

"மாட்டிக்கிட்டான்."

"இல்ல. இது பொய்க் காகிதம்னு காட்டலாம். நிஜக் காகிதம் இந்நேரம் சாம்பலாயிருக்கும். அன்னிக்கு அடிச்சது சிவப்புன்னு எதை வச்சுக் காட்டுறது?"

வெளியே வெளிச்சம் மாறிக்கொண்டிருந்தது. அடிவானத்தில் இருந்த ஒற்றை வரிசைச் செங்கல் இப்போது ஆளுயரச் சுவராகியிருந்தது. துணி பிழிந்துகொண்டிருந்த அம்மாள் தலையைத் தூக்காமலே பேசினாள்.

"எந்தக் காகிதத்தைத் தேடுறீங்க? புயல் அடிச்ச நாளோடதா?"

"ஆமாம்மா. பதினாலாம் தேதியோடது."

"பதினாலாம் தேதி உறையில அது எப்படி இருக்கும்?"

மேடம் அவள் எதிரே அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். "சொல்லும்மா. மெதுவாச் சொல்லு."

"காகிதம் மாத்துறது நான்தான். காலைல ஏழு மணிக்கு மாடியேறி பழசை எடுப்பேன், புதுசை வைப்பேன். எடுத்த காகிதத்து உறையில அன்னிக்குக் காலைத் தேதியைக் குத்துவேன். பதினாலாம் தேதி காலைல எடுத்ததுல பதிமூணாம் தேதிக் காத்துதானே இருக்கும்? புயல் பதினாலாம் தேதி மத்தியானத்துக்கு மேல. அதை நான் மறுநாள்தான் எடுத்தேன்."

"பதினஞ்சு," என்றான் சல்லடை.

"பதினஞ்சுதான்."

"இது ஆபீசருக்குத் தெரியாதா?"

அந்த அம்மாள் முதல்முறையாகச் சிரித்தாள். "அவரு வந்து ரெண்டு வருஷமாச்சு. ஒருநாள் மாடிக்கு ஏறினதில்ல. ஏணியில ஏறினா சட்டை அழுக்காயிடும்ல? முத்திரையைப் பார்த்து எழுதிக்கிட்டே இருப்பாரு. யாரும் கேக்கல, நானும் சொல்லல."

"ரெண்டு வருஷமா நேத்துப் புழுதியை இன்னிக்குப் புழுதின்னு எழுதிக்கிட்டிருக்காரு," என்றான் சல்லடை. "மனுஷன் காலத்துக்குப் பின்னாடியே வாழ்றாரு மேடம்."

"பதினஞ்சாம் தேதி உறை இருக்காம்மா?"

அவள் கை நின்றது. "இருக்கு. அலமாரிச் சாவி எங்கிட்டயும் ஒண்ணு உண்டு. ஆனா எனக்கு வேலை போயிடுமே." ஈரத்துணியை வாளியில் போட்டாள். "அந்த மேஸ்திரி நல்ல மனுஷன். வாளியைத் தூக்கி விடுவாரு."

எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது வாளியில் துணி இருந்தது. துணிக்கு அடியில் ஓர் உறை இருந்தது.

"பிரிக்காதே," என்றார் மேடம். "இன்ஸ்பெக்டர் கண்ணு முன்னாடி பிரிக்கலாம்."

---

இன்ஸ்பெக்டர் மூன்றரைக்குத்தான் வந்தார். அவர் ஜீப்புக்குப் பின்னாலேயே இருட்டும் வந்தது. மேற்கு வானம் முழுவதும் சுவராகியிருந்தது. காற்று இன்னும் வரவில்லை. அந்த அமைதிதான் சல்லடைக்குப் பிடிக்கவில்லை.

மேடம் வளவளக்கவில்லை. இறுகிப்போன உருண்டையை மேசைமேல் வைத்தார், பாதி மூட்டையைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் உருண்டையை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார், நசுங்கவில்லை. பிறகு மேடம் பதினைந்தாம் தேதி உறையை வெட்டினார். காகிதம் விரிந்தது.

உடைத்த செங்கல்லின் உள்பக்கம் போல அடர்ந்த சிவப்பு.

துடைக்கிற அம்மாள் கதவோரம் நின்று, ஏழு மணி கணக்கை இன்ஸ்பெக்டருக்கு ஒருமுறை சொன்னாள். ஆபீசர் அவளைப் பார்த்தார். ஆள் ஒருத்தி இந்த அறையில் இத்தனை நாள் இருந்தாள் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது போல இருந்தது அந்தப் பார்வை.

ஆனால் மனிதர் லேசில் சாய்கிற ஆள் இல்லை.

"சரி, சிவப்பாவே இருக்கட்டும்," என்றார். "நிறத்தை நான் மறந்திருக்கலாம். உறையை யார் வேணா மாத்தியிருக்கலாம், இந்தப் பொம்பளைகிட்டயும்தானே சாவி இருக்கு? ஆனா நான் பார்த்தது நீலம். என் கண்ணால பார்த்தேன் சார். இதே ஜன்னல், இதே கோபுரம். இன்னிக்கு அதே புழுதி அடிச்சாலும் பார்ப்பேன்."

"இன்னிக்கும் பார்ப்பீங்களா?" என்றார் மேடம்.

அந்த நேரம் பார்த்து வயலில் புயல் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. ஆயிரக்கணக்கான கண்ணாடிகளும் ஒரே சமயத்தில் தலைகுனிந்து முகத்தைத் தரையில் கவிழ்த்தன.

"இன்ஸ்பெக்டர், பத்து நிமிஷம் கொடுங்க. சல்லடை, ஆணியில தொங்குற நீல உடுப்பைப் போட்டுக்க. அன்னிக்கு அவன் ஏறினதா இவர் சொல்ற ஏணிக்கு அடியில போய் நில்லு. வாக்கிடாக்கி ஒண்ணு கையில வச்சுக்க."

"எல்லாரும் செத்த இடத்துக்கு என்னையே அனுப்புங்க," என்றான் சல்லடை. உடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடையில் இறங்கினான். மேடம் அவன் பின்னாலேயே வந்து அறைக் கதவைச் சாத்தினார். நடையில், வேன் டிரைவர் படுக்க இடம் தேடி ரெயின்கோட்டோடு நின்றுகொண்டிருந்தார். மேடம் நீல உடுப்பைச் சல்லடையிடமிருந்து வாங்கிக்கொண்டார். ரெயின்கோட்டை டிரைவரிடமிருந்து வாங்கி அவன் தோளில் போட்டார்.

"எனக்கு?" என்றார் டிரைவர்.

"உங்களுக்கு இன்னிக்கு நான் கூரை தர்றேன்," என்றார் மேடம்.

---

புயலில் கழுவுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கண்ணை நம்ப மாட்டார்கள். தரையில் கிடக்கும் தண்ணீர்க் குழாயைக் காலால் தடவிக்கொண்டே நடப்பார்கள். சல்லடையும் அப்படியே நடந்தான். நாற்பதாவது அடியில் காற்று வந்தது. ஐம்பதாவது அடியில் உலகத்தின் நிறமெல்லாம் மறைந்தது.

இருட்டு என்றால் இரவு இருட்டு இல்லை. அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி ஒரு சிவந்த இருட்டு. கையை நீட்டிப் பார்த்தான். கரிக்கட்டை மாதிரி தெரிந்தது. கோபுரத்தின் இரும்புக்கால் கையில் பட்டதும் அதைக் கட்டிக்கொண்டான். தலைக்கு மேலே சங்கிலி டங், டங், டங் என்று அவசரப்பட்டது. ஏணி அதிர்ந்தது. மேலே யாரோ ஏறுகிற மாதிரி ஒரு அதிர்வு. சல்லடை நிமிர்ந்து பார்க்கவில்லை. மேஸ்திரி விழுந்த இடம் எதுவென்று அவனுக்குத் தெரியும். அதன்மேல்தான் அவன் நின்றிருந்தான்.

வாக்கிடாக்கி கரகரத்தது. மேடம் அந்தப் பக்கம் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அறைப் பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"...தெரியுதா இன்ஸ்பெக்டர்?"

"ஒரு உருவம் தெரியுது. கறுப்பா. ஆளுன்னு சொல்லலாம், அவ்வளவுதான்."

"நீங்க சொல்லுங்க சார்."

கரகரப்பு. காற்று. சல்லடை கருவியைக் காதோடு அழுத்தினான்.

"நீலம்," என்றது ஆபீசரின் குரல். "நல்லாத் தெரியுது. அன்னிக்கும் இப்படித்தான் தெரிஞ்சுது. நீலம்."

சல்லடை பொத்தானை அழுத்தினான். வாயெல்லாம் மண். துப்பிவிட்டுப் பேசினான்.

"சார், நான் போட்டிருக்கிறது வேன் டிரைவரோட கறுப்பு ரெயின்கோட்டு. நீலத்தை மேடம் கையில கொடுத்துட்டுத்தான் வந்தேன். உங்க பின்னாடி திரும்பிப் பாருங்க."

நாற்காலி ஒன்று சரிந்த சத்தம். பிறகு மேடத்தின் குரல், கொஞ்சமும் உயராமல்.

"அன்னிக்கு நீங்க யாரையும் பார்க்கல சார். கழுவுறவன்னா நீலம்னு கம்பெனி விதி. அதை மனசுல இருந்து எடுத்துச் சொல்லிட்டீங்க. புழுதியே இல்லாத நாளையெல்லாம் புழுதி நாள்னு எழுதினீங்க, கழுவாத கண்ணாடிக்குக் காண்ட்ராக்டர் கூலி வாங்கினான், உங்களுக்குப் பங்கு வந்துச்சு. அந்த நாள்ல எல்லாம் என் ஆளுங்க கழுவவே இல்லியேன்னு மேஸ்திரி கேட்டாரு. கேட்டதா அவர் சம்சாரம் எங்கிட்ட சொன்னாங்க. அதனாலதான் தள்ளினீங்க."

"நான் தள்ளல!" ஆபீசரின் குரல் இப்போது ரசமட்டத்தில் இல்லை. "பேசத்தான் கூப்பிட்டேன். மேல காத்து அப்படி அடிச்சுது, கம்பி வழுக்குச்சு, அவனேதான்..."

கரகரப்பு.

"மேல காத்து எப்படி அடிச்சுதுன்னு," இது இன்ஸ்பெக்டர், "ஜன்னலுக்குள்ள உக்காந்திருந்த உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

தலைக்கு மேலே சங்கிலி டங் என்றது. ஏணிமேல் கால் வைக்காத மனிதன், ஒரே ஒருநாள் நாற்பதடி ஏறியிருக்கிறான் என்று சல்லடை நினைத்துக்கொண்டான். அப்புறம் குழாயைக் காலால் தேடி, திரும்பி நடக்கத் தொடங்கினான்.

---

மறுநாள் காலை பத்து மணிக்கு லாக்கப் திறந்தது. கழுவுகிறவன் வெளியே வந்து வெயிலில் கண்ணைச் சுருக்கினான். வராந்தா பெஞ்சில் மேஸ்திரியின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தச் சின்ன நோட்டு. அவளைப் பார்த்ததும் அவன் படியிலேயே நின்றுவிட்டான்.

"அண்ணி... மூணு சனிக்கிழமை தவறிப்போச்சு. வேலைக்குப் போனதும் மொதல்ல..."

அவள் நோட்டைச் சல்லடையிடம் நீட்டினாள். "என்ன எழுதியிருக்குன்னு படி."

சல்லடை விரலை ஓட்டினான். மேஸ்திரியின் எழுத்து கட்டை கட்டையாக இருந்தது. படிக்கச் சுலபமாக இருந்தது. "'கண்ணாடி வகையில் மீதி... பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது.' கீழே கைநாட்டு."

"அந்தக் கண்ணாடியைக் கீறினது எது?" என்றாள் அவள்.

அவளே பதிலும் சொன்னாள்.

"புழுதி. புழுதி என்ன இவன் வீட்டுதா? என் வீட்டுக்காரரு கட்டினாரு, சரி. அதை இவன் ஆயுசு முழுக்கச் சுமக்கணுமா?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இருபது நாளு இவனை மண்ணை வாரித் தூத்தினேன். எனக்கு எழுதத் தெரியாது. நீ எழுதுப்பா."

"என்னம்மா எழுதணும்?"

"தீர்ந்துதுன்னு எழுது."

சல்லடை நோட்டை பெஞ்சின்மேல் வைத்துக் குனிந்தான். மேடத்தின் பேனா அவன் கையில் எப்போதும் கரண்டி மாதிரிதான் நிற்கும். பதினெட்டாயிரத்து நானூற்று அறுபதின்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தான். பக்கத்தில், ஒவ்வோர் எழுத்தாக, 'தீர்ந்தது' என்று எழுதினான். கழுவுகிறவன் படியிலேயே உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான்.

அந்த அம்மாள் கட்டைவிரலை மையில் தொட்டு, பழைய கைநாட்டுக்குப் பக்கத்தில் அழுத்தினாள்.